சின்ன செயின்சா புளியங்கட்டையில் இறங்க மறுக்கிறது

பாலக்கோட்டிலிருந்து ஒரு கேள்வி, 3 ஜூலை 2025

அண்ணா, என்னிடம் 32 சிசி செயின்சா, 16 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு). வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புதுசில் மாங்கிளையில் நன்றாக இறங்கியது. இப்போது புளியங்கட்டையில் வைத்தால் மாவு மாதிரி தூள் கொட்டுகிறது, புகை வருகிறது, வெட்டு வலப்பக்கம் வளைந்து போகிறது. உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்த வேண்டியிருக்கிறது. 22 அங்குல பாரோடு 58 சிசி மிஷின் இதைவிடக் குறைந்த விலைக்கே கிடைக்கிறது என்கிறார்கள். மாற்றிவிடலாமா? இல்லை, இதற்கே 20 அங்குல பார் போட்டால் வேகம் வருமா?

3 ஜூலை 2025, மாலை

மிஷினை மாற்ற வேண்டாம் தம்பி. பாரை நீட்டவும் வேண்டாம். நீங்கள் சொன்ன குறை எல்லாம் செயினில் இருக்கிறது.

மாவாகக் கொட்டினால் பல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். கூரான பல் மரத்தைச் சீவி எடுக்கும். கீழே விழுவதை அள்ளிப் பார்த்தால் சீவல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். மழுங்கிய பல் தேய்க்கத்தான் செய்யும், அந்தச் சூட்டில்தான் புகை. வளைந்து போவதற்குக் காரணம், இரு பக்கத்துப் பற்களும் ஒன்றுபோல இல்லாதது. எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கத்துப் பல் நீளமாகவோ கூராகவோ இருக்கும். உங்களுக்கு இடப்பக்கத்துப் பற்கள்தான் அதிகம் தேய்ந்திருக்க வேண்டும்.

60 சிசி மிஷின் என்றால் மழுங்கிய செயினையும் இன்ஜின் பலத்தால் இழுத்துக்கொண்டு போய்விடும். 32 சிசியில் இருப்பது சுமார் 2 குதிரைசக்தி. அதில் வீணாக்க ஒன்றும் மிச்சம் கிடையாது. 20 அங்குல பார் போட்டால் அதே 2 குதிரைசக்தி இன்னும் நீளமான செயினைச் சுற்ற வேண்டும், அந்த நீளத்துக்கு ஆயில் பம்பும் ஈடுகொடுக்காது. 14 அங்குலத்துக்கு இறங்கினீர்கள் என்றால் வித்தியாசம் கையிலேயே தெரியும். இரண்டு பக்கமும் மாறி மாறி அறுத்தால் 14 அங்குல பாரிலேயே நல்ல பருத்த கட்டையைத் துண்டாக்கலாம்.

3 ஜூலை, இரவு

ஒன்று விட்டுப்போனது. செயினைக் கழற்றி மாட்டும்போது திருப்பி மாட்டிவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். பாரின் மேல்பக்கத்தில் பல்லின் கூர், பாரின் நுனியைப் பார்த்து நிற்க வேண்டும். சிரிக்க வேண்டாம், வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர்கள் கையில் இது அடிக்கடி நடப்பதுதான்.

5 ஜூலை 2025

கடையில் கொடுத்த வட்ட அரம் 4.8 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது. நம் பக்கம் கடைகளில் எங்கே பார்த்தாலும் 58 சிசி மிஷின்தான். அதன் செயின் .325 அங்குல பிட்ச், அதற்கு 4.8 அரம் சரி. உங்களுடையது 3/8 லோ புரொஃபைல், அதாவது பல் உயரம் குறைந்த செயின். அதற்கு 4.0 மில்லிமீட்டர் அரம் வேண்டும். சந்தேகம் இருந்தால் அளந்துவிடுங்கள். அடுத்தடுத்து இருக்கும் மூன்று ரிவெட்டில், முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடுவரை அளந்து பாதியாக்கினால் அதுதான் பிட்ச். உங்கள் செயினில் அந்த மூன்று ரிவெட் நீளம் 18.6 மில்லிமீட்டரை ஒட்டி வரும், .325-இல் 16.5. பருத்த அரத்தைச் சின்னப் பல்லுக்குள் விட்டால் பல்லின் குடைவு போய்விடும். மரத்துக்குள் நுழைய வேண்டிய விளிம்பு மொண்ணையாக நிற்கும். எவ்வளவு நேரம் ராவினாலும் கூர் வராது.

இனி தீட்டும் விதம். ஒரு மாங்கட்டையில் நேராக ஒரு வெட்டு போட்டு, மிஷினை நிறுத்தி, பாரை அந்த வெட்டிலேயே செருகிவிடுங்கள். வைஸ் இல்லாத குறை தீர்ந்தது. செயினை வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டால் பல் ஆடாது. பிளக் ஒயரைக் கழற்றிவிட்டே கையை வையுங்கள்.

வெயில் படும் பக்கம் திருப்பி, ஒரு பல்லின் மேல் விளிம்பை நேருக்கு நேர் பாருங்கள். மழுங்கியிருந்தால் விளிம்பில் மயிரிழை அகலத்துக்கு வெள்ளைக் கோடு ஒன்று மின்னும். வெளிச்சம் பட்டுத் திரும்புவதற்கு அங்கே ஒரு தட்டையான இடம் இருக்கிறது என்பதுதான் அந்தக் கோடு சொல்லும் சேதி. கூரான விளிம்பில் ஒளி நிற்க இடம் இருக்காது. அந்தக் கோடு மறையும்வரை ராவ வேண்டும். முக்கியமாக மேல்தகடும் பக்கத்தகடும் சேரும் அந்த மூலையைப் பாருங்கள், அறுப்பதில் பெரும்பங்கு அதனுடையது. மூலையில் கொஞ்சம் உருண்டை இருந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

அரத்தைப் பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். திரும்பி வரும்போது தூக்கிவிடுங்கள், இழுத்தால் அரமும் கெடும் விளிம்பும் கெடும். பாரின் குறுக்கிலிருந்து 30 டிகிரி சாய்வு. பெரும்பாலான பற்களின் மேல்தகட்டிலேயே அந்தச் சாய்வுக்கு ஒரு கோடு வெட்டியிருக்கும், கண் அதன்மேல் இருந்தால் போதும். அரத்தின் பருமனில் ஐந்தில் ஒரு பங்கு பல்லுக்கு மேலே தெரிய வேண்டும். கீழே அமுக்காமல் பல்லின் பக்கம் சாய்த்துத் தள்ளுங்கள்.

ராவத் தொடங்கும் முன்பே எல்லாப் பல்லிலும் எது கட்டை என்று தேடி, அதன்மேல் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பற்களெல்லாம் அந்த நீளத்துக்கு வர வேண்டும். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு பக்கம் நன்றாக வரும், மறுபக்கம் கை திணறும். அதனால்தான் பல் ஒரு பக்கம் நீண்டு, வெட்டு வளைகிறது. திணறும் பக்கத்தைக் கை களைப்பதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

6 ஜூலை

செயினைப் பட்டறையில் கொடுத்துத் தீட்டலாமா என்று கேட்டதற்குப் பதில்: வேண்டாம். பட்டறை கிரைண்டரில் பிடித்துத் தரச் சொல்லாதீர்கள். எங்கள் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்து வாங்கிய செயினில் பல் முனையெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. சூட்டில் எஃகின் பதம் போனபின் அதை எப்படித் தீட்டினாலும் கூர் நிற்பதில்லை. மெதுவாக, தொட்டுத் தொட்டு எடுத்தால் கிரைண்டரிலும் சரியாக வரும். ஆனால் மற்றவர் பொருளுக்கு அந்தப் பொறுமை காட்டும் ஆள் கிடைப்பது அரிது.

11 ஜூலை 2025

4.0 அரம் கிடைத்துவிட்டது, தீட்டியாயிற்று, நகத்தில் வைத்தால் சீவி வருகிறது, ஆனாலும் கட்டையில் சறுக்குகிறது என்கிறீர்கள். இதை எதிர்பார்த்தேன். இப்போது ரேக்கரைப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு குட்டை மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் மரத்தில் இறங்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கும். பல்லின் மேல்தகடு பின்பக்கம் சரிந்து இறங்குவதால், ராவ ராவப் பல் நீளம் மட்டும் குறைவதில்லை, உயரமும் குறைந்துகொண்டே வரும். முன்னால் இருக்கும் மேடு மட்டும் அப்படியே நிற்கும். ஒரு கட்டத்தில் பல்லும் மேடும் ஒரே உயரம் ஆகிவிடும். அப்புறம் பல் எவ்வளவு கூராக இருந்தால் என்ன, மரத்தைத் தொடவே மேடு விடாது.

உங்கள் செயினுக்கு அந்த இடைவெளி 0.65 மில்லிமீட்டர், அதாவது அங்குலக் கணக்கில் 0.025. அதற்கென்று ஒரு சின்னத் தகடு விற்கிறது. செயின் மேல் வைத்தால் மேடு அதன் துளை வழியே தலைகாட்டும். வெளியே நீட்டுவதைத் தட்டை அரத்தால் ஓரிரு தள்ளு தள்ளி எடுத்து, முன்விளிம்பை மறுபடி உருட்டிவிடுங்கள். மூன்று நான்கு முறை தீட்டியதும் ஒருமுறை இதைப் பார்த்தால் போதும்.

கண்மதிப்பில் செய்யாதீர்கள். கூடுதலாக ராவிவிட்டால் பல் ஒரேயடியாக மரத்தைக் கவ்வும், சின்ன இன்ஜின் அப்படியே நின்றுபோகும், பாரின் முனை பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறுவதும் கூடும். வேகம் கூட வேண்டும் என்று மேட்டை வழித்தெடுத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். 32 சிசிக்கு அது ஆகவே ஆகாது.

12 ஜூலை

பாரையும் கழற்றிப் பாருங்கள். பள்ளத்தில் அடைந்த தூளை மெல்லிய தகட்டால் வழித்தெடுங்கள், ஆயில் வரும் துளையைக் கம்பியால் குத்திவிடுங்கள். இரு விளிம்பிலும் பிசிறு இருந்தால் தட்டை அரத்தால் சமமாக்குங்கள். ஒரு விளிம்பு தாழ்ந்திருந்தாலும் வெட்டு வளையும். செயின் தீட்டும் போதெல்லாம் பாரைத் தலைகீழாக்கி மாட்டினால் இரு பக்கமும் ஒன்றுபோலத் தேயும்.

ஆயில் போகிறதா என்று பார்க்க, வெளிறிய கல்லுக்கோ காய்ந்த கட்டைக்கோ மேலே பார் முனையைத் தொடாமல் பிடித்து வேகம் கொடுங்கள். ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும். டிராக்டரில் கழித்த ஆயிலை ஊற்றுவது நம் பக்கம் எல்லோரிடமும் இருக்கும் பழக்கம். அதில் இரும்புத் துகள் இருக்கிறது, பம்பையும் பாரையும் தின்றுவிடும். சிந்துவது நம் மாந்தோப்பு மண்ணில் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

20 ஜூலை 2025

தீட்டி, மேடு ராவி, சீவல் நன்றாக வருகிறது என்று படித்ததும் மனசு குளிர்ந்தது. பாதி வெட்டில் இன்ஜின் திணறி அடங்குகிறது என்பது புது அறிகுறி. முதல் நாள் எல்லாமே செயினில் என்று எழுதியது அன்றைக்கு நீங்கள் சொன்னதை வைத்து. இப்போது இன்ஜின் பக்கம் போக வேண்டியதுதான்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி, தூசி தட்டி, வேண்டுமானால் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். அதற்கடுத்து சைலன்சர் வாயில் இருக்கும் சின்ன வலை. ஆயில் கூடுதலாகக் கலந்து ஓட்டிய மிஷினில் அது கரியால் அடைந்துபோயிருக்கும், இன்ஜின் மூச்சு விட முடியாது. கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டிவிடுங்கள். வலையே வேண்டாம் என்று எறிந்துவிடாதீர்கள், வெயில் காலத்தில் நம் கரட்டுப் பக்கம் காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் போதும்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் ஜவ்வையும் பெட்ரோல் ட்யூபையும் நாளடைவில் கெடுக்கும். கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் கேனில் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கலவை: மிஷின் கம்பெனியே சொல்லும் நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, சாதாரண டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் 40 மில்லி.

ஃபில்டர், வலை, பெட்ரோல் மூன்றும் சரியாக இருந்தும் திணறினால் மட்டும் கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவை மாற்றும் எச் ஸ்க்ரூவைத் தொடுங்கள். கொஞ்சம் வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும், உள்ளே திருப்பினால் குறையும். முழு வேகத்தில் சும்மா ஓடும்போது சத்தம் லேசாகக் கரகரத்து, கட்டையில் வைத்ததும் கரகரப்பு போய்த் தெளிந்தால் அளவு சரி. சும்மா ஓடும்போதே கீச்சென்று வீறிட்டால் பெட்ரோல் போதவில்லை. வேகம் வந்துவிட்டது என்று தோன்றும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

சைலன்சரில் கூடுதலாக ஓட்டை போட்டால் சக்தி வருமா என்று ஊத்தங்கரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கொஞ்சம் வரும், உண்மை. கூடவே பெட்ரோல் அளவையும் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் வெந்துபோகும். பல சின்ன மிஷின்களில் அந்த ஸ்க்ரூவே குறிப்பிட்ட அளவுக்கு மேல் திரும்பாது. காதுக்கும் கேடு. மழுங்கிய செயினை வைத்துக்கொண்டு சைலன்சரைத் துளைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

22 ஜூலை

முந்தையதில் விட்டது: ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டரை ஒட்டிய உயரம். நம் கீழ்நாட்டில் சரிபார்த்த மிஷின் அங்கே போனால் காற்று கொஞ்சம் குறைவு, அதனால் கரகரப்பு கூடுதலாகக் கேட்கும். அதற்காக அங்கே ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு அப்படியே ஊத்தங்கரைக்கு இறங்கி ஓட்டாதீர்கள்.

27 ஜூலை 2025

மாந்தோப்பில் தண்டுத் துளைப்பான் அடித்த மரம் ஒன்றைத் துண்டு போட்டோம். அடிமரத்தில் வெளியே கொஞ்சம் தூள்தான் தெரிந்தது, உள்ளே விரல் நுழையும் அளவுக்குச் சுரங்கம். தடித்த வெள்ளைப் புழு, வாயில் கறுத்த தாடை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். இன்றைக்கு நாம் ஓட்டும் செயினின் பல் வடிவமே இப்படி ஒரு புழுவிடமிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, 1946-இல், மரம் தின்னும் ஒரு வண்டின் புழு தாடையை இடமும் வலமும் அசைத்து, மர நாரின் வாக்குக்கும் அதற்குக் குறுக்காகவும் சிரமமில்லாமல் அறுத்துப் போவதைக் கவனித்தார். அதையே இரும்பில் செய்தார். ஒரு பல் இடம், அடுத்த பல் வலம். 1947-இல் போர்ட்லாந்தில் கம்பெனி தொடங்கினார், அதுதான் ஓரிகன் செயின். அதற்கு முன்பு இருந்தவை கைரம்பத்தின் பல்லையே சங்கிலியில் கோத்த மாதிரியானவை, தீட்டுவதற்கே நிறைய நேரம் போகும்.

இடப்பல்லும் வலப்பல்லும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் அந்தப் புழுவின் வாயிலேயே இருக்கிறது. ஒரு பக்கத் தாடை தேய்ந்த புழு நேராகப் போகாது.

3 ஆகஸ்ட் 2025

ஆடிப் பதினெட்டு. ஊர் முழுக்க ஒகேனக்கல் போய்விட்டது, தோப்பில் கை உதவிக்கு ஆள் இல்லை. தனியாக இருக்கும் நாளில் மரத்தில் மிஷின் வைப்பதில்லை. தீட்டுகிற வேலையை மட்டும் பார்த்தேன்.

10 ஆகஸ்ட் 2025

ரோட்டோரப் புளியமரம் ஏலத்தில் எடுத்தவரிடம் கட்டை வாங்கியிருக்கிறீர்கள், தீட்டிய செயின் ஒரு வெட்டில் போய்விட்டது. ஆணிதான், வேறென்ன. விளம்பரத் தகடு அடித்த ஆணியும் கொடி கட்டிய கம்பியும் எத்தனையோ வருஷமாக உள்ளே போய்ப் பட்டை மூடியிருக்கும். ஆள் உயரத்துக்குக் கீழே பட்டையில் கறுப்பாகவோ நீலமாகவோ கறை தெரிந்தால் அந்த இடத்தை விட்டுத் தள்ளி வெட்டுங்கள். இரும்பு பட்ட பல்லில் மூலை உடைந்திருக்கும், அந்தச் சேதம் முழுக்கப் போகும்வரை ராவ வேண்டும், மற்ற பற்களையும் அந்த நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். செயினின் ஆயுளில் பாதி அங்கேயே போய்விடும்.

இரும்புக்கு அடுத்த எதிரி மண். தரையில் போட்டு இழுத்துவந்த கட்டையின் பட்டையில் செம்மண் ஒட்டியிருக்கும், கிரானைட் குவாரிப் பக்கத்து மரம் என்றால் பட்டை வெடிப்பெல்லாம் கல்தூள். வெட்டும் இடத்தில் அரிவாளால் பட்டையைச் சீவிவிட்டோ தண்ணீர் ஊற்றித் தேய்த்தோ மிஷினை வையுங்கள். பார் தரையைத் தொட்டால் ஒரு நொடி போதும், கூர் போய்விடும். அடியில் குறுக்குக் கட்டை கொடுத்துத் தூக்கி வைத்துக்கொண்டு அறுங்கள்.

புளியின் வைரம் கறிக்கடைக் கட்டைக்கும் செக்குக்கும் போகிற மரம். அது கேட்கும் பொறுமையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். காய்ந்தபின் அறுப்பதைவிடப் பச்சையிலேயே துண்டு போட்டுவிடுங்கள், பாதி உழைப்பு மிச்சம்.

பனை அறுக்கலாமா என்று நடுவில் ஒருவர் கேட்டார். கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையைத் தொடக்கூடாது, 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தது. செயின் பற்றிய பேச்சு அதற்கப்புறம்.

17 ஆகஸ்ட் 2025

அழுத்துவதைப் பற்றி இன்னும் பேசவில்லை. மரத்தைத் தொடுவதற்கு முன்பே முழு வேகம் வந்திருக்க வேண்டும். அரை வேகத்தில் வைத்தால் கிளட்ச் வழுக்கிச் சூடேறும். பாரின் அடிப்பக்கம் இன்ஜினை ஒட்டி இருக்கும் இரும்பு முள்ளை மரத்தில் ஊன்றி, பின்கைப்பிடியை லேசாகத் தூக்கினால் பார் தானே இறங்கும். கூரான செயினுக்கு மிஷினின் எடையே போதும். கை தானாக அழுத்தத் தொடங்கினால் அரத்தை எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

தொங்கும் கிளை என்றால் முதலில் அடியில் மூன்றில் ஒரு பங்கு, அப்புறம் மேலிருந்து. இல்லாவிட்டால் பட்டை கிழிந்து தண்டுவரை உரியும். கவாத்துக்கு அறுத்த மாங்கிளையின் வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவ மறக்காதீர்கள். மரத்தில் முசுறு எறும்பு இருந்தால் அன்றைக்கு ஏறாதீர்கள், இரண்டு கையும் மிஷினில் இருக்கும்போது கடி வாங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு கையால் ஓட்டாதீர்கள். லுங்கியும் ரப்பர் செருப்புமாக நின்று அறுப்பதைப் பார்க்கும்போது எனக்கு அடிவயிறு கலங்குகிறது. கனத்த பேன்ட், ஷூ, கண்ணாடி, காதுக்கு அடைப்பு. பாரின் முனையில் மேல் பாதி எதிலும் படக்கூடாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் செயின் பிரேக்கைத் தட்டி, செயின் அக்கணமே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

7 செப்டம்பர் 2025

30 டிகிரி என்று சொல்லியிருந்தேன். புளி, கருவேலம், காய்ந்த வேம்பு இவற்றையே அதிகம் அறுப்பவர்களுக்கு இப்போது 25 என்று சொல்லத் தோன்றுகிறது. சாய்வு குறைந்தால் வேகம் கொஞ்சம் குறையும், விளிம்பு தடிமனாக நிற்பதால் கூர் கூடுதல் நேரம் தாங்கும். மா, தைலமரம், முருங்கை என்றால் 30-லேயே இருங்கள்.

செயின் மாற்றும் நாள் வரும்போது, மூலை உருண்ட பல் உள்ள செயினைக் கேட்டு வாங்குங்கள். சதுர மூலைப் பல் சுத்தமான மரத்தில் வேகம்தான், ஆனால் மண்ணும் தூசியும் பட்டால் அந்த மூலை முதலில் போகும். நம் ஊர்க் கட்டைக்கு உருண்ட மூலைதான் ஒத்துவரும்.

இன்னொன்றும் யோசிக்கலாம். பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கீழ்ப்பல் 1.1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒல்லிச் செயின் இருக்கிறது, வழக்கமானது 1.3. வெட்டுவாயின் அகலம் குறைவதால் இன்ஜின் எடுத்துத்தள்ள வேண்டிய மரமும் குறைவு. 30 சிசிக்குப் பக்கத்தில் உள்ள மிஷினுக்கு அது நல்ல பொருத்தம். பாரும் 1.1 பள்ளம் உள்ளதாக மாற்ற வேண்டும், 1.3 பாரில் போட்டால் ஆடும். அந்தப் பாருக்காக எனக்குப் பெங்களூருவரை சொல்லிவைக்க வேண்டியிருந்தது.

21 செப்டம்பர் 2025

செயினைச் சுற்றவைக்கும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் 6 பல்லுக்குப் பதில் 7 பல் போட்டால் வேகம் கூடுமே என்று கேட்டவருக்கு: கூடும். 3/8 செயின் 6 பல்லில் இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் சுமார் 11.2 சென்டிமீட்டர் ஓடும், நிமிடத்துக்கு 10,000 சுற்றில் நொடிக்கு 19 மீட்டரை ஒட்டி. 7 பல்லில் அதைவிட ஆறில் ஒரு பங்கு அதிகம். அதே அளவுக்கு இழுவை குறையும். விரல் பருமன் குச்சியில் பறக்கும், புளியில் நின்றுவிடும். விட்டுவிடுங்கள்.

அந்தக் காசுக்கு இன்னொரு செயின் வாங்குங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினால் இரண்டும் ஸ்பிராக்கெட்டோடு சேர்ந்து தேயும், தோப்பில் ஒன்று மழுங்கினால் அங்கேயே மாற்றிக்கொண்டு வேலையைத் தொடரலாம். இரண்டும் தேய்ந்து முடியும்போது ஸ்பிராக்கெட்டையும் புதுசாகப் போட்டுவிடுங்கள், பழைய ஸ்பிராக்கெட்டில் புதுச் செயின் சரியாக உட்காராது. புதுச் செயினை முதல் நாள் இரவே செயின் ஆயிலில் ஊறப்போடுங்கள். முதல் சில வெட்டுக்குப் பின் நிறுத்தி, சூடு ஆறியதும் தொய்வு பார்த்து இழுத்துக் கட்டுங்கள். சூட்டோடு இறுக்கினால் ஆறும்போது சுருங்கிப் பாரைப் பிடித்துக்கொள்ளும்.